ஐஸ் வைப்பதற்கு முன்னால் மருந்தின் பேரைக் கேளுங்கள்

போன இதழில் புற்றுநோய்க்குக் கீமோ போடுகிறவர்களுக்குக் கை கால் மரத்துப்போவது பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் தமிழ்நாடு கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துதான். கீமோ வார்டில் 26 வருஷம் நர்ஸாக இருந்தவள் என்கிற முறையில், இந்த இதழ் முழுக்க அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, என் மாமியாருக்கு 58 வயது. மார்பில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். இனி வாரம் ஒன்று வீதம் 12 தடவை பாக்லிடாக்சல் போடணுமாம், திருவனந்தபுரத்துக்குப் போய்வருகிறோம். அங்கே ஒரு சேச்சி கையிலும் காலிலும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு மருந்து ஏற்றினார், நரம்பு கெடாமல் இருக்கும் என்றார். மாமியார் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) பருப்புக்குத் தொலி உரிக்கிறவர், விரல் போனால் வேலை போச்சு. சுகரும் இருக்கிறது. நாங்களும் ஐஸ் வைக்கலாமா? — வாசகி, மேல்புறம்

தங்கச்சி, நீங்கள் மருந்தின் பேரை எழுதியதே பெரிய விஷயம். நிறைய பேர் "கீமோ போடுறாங்க" என்று மட்டும்தான் எழுதுகிறார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரு மருந்துக்கு ஐஸ் காவல், இன்னொரு மருந்துக்கு அதே ஐஸ்தான் வினை. பாக்லிடாக்சல் முதல் வகை.

முதலில் நரம்பு ஏன் கெடுகிறது என்று பார்ப்போம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மிக நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது அவை கலைந்து மறுபடி சேரவேண்டும். பாக்லிடாக்சல் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது, அதனால் புற்றுசெல் பெருக முடியாமல் சாகிறது. ஆனால் நரம்புக்கு அதே குழாய்கள்தான் சரக்குப் போகிற பாதை. இடுப்புக்கிட்ட முதுகுத்தண்டில் கிளம்புகிற நரம்பு கால் பெருவிரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடுகிறது, அவ்வளவு தூரத்துக்கும் சாப்பாடு அந்த வழியாகத்தான் போகணும். பேச்சிப்பாறைத் தண்ணீர் வருகிற சானலில் எங்கே அடைப்பு விழுந்தாலும் முதலில் காய்வது கடைமடை வயல்தானே? விரல் நுனிகள்தான் உடம்பின் கடைமடை. அதனால்தான் மரமரப்பு முதலில் கால்விரலில் தொடங்கும், பிறகு கைவிரல், பிறகு சாக்ஸ் போட்ட மாதிரி, கையுறை போட்ட மாதிரி மேலே ஏறும்.

குளிர் செய்வது ரொம்ப எளிய காரியம். ஐஸ் பட்டால் அந்த இடத்து ரத்தக்குழாய் சுருங்கும், ரத்தம் குறைவாகப் போகும், ரத்தத்தில் மருந்து அதிகமாக இருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் விரல்களுக்கு அது கொஞ்சமாகத்தான் போய்ச்சேரும். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இதை அழகாகச் சோதித்துப் பார்த்தார்கள், 2018இல் வெளியிட்டார்கள். உங்கள் மாமியாரைப் போலவே வாரா வாரம் 12 தடவை பாக்லிடாக்சல் போட்ட பெண்கள். பழக்கமான பக்கத்துக் கைக்கும் காலுக்கும் மட்டும் உறைந்த கையுறையும் காலுறையும், மற்றப் பக்கம் ஒன்றும் இல்லாமல் சும்மா. ஒரே ஆள், ஒரே மருந்து, இரண்டு கை. முடிவில் 36 பேரின் கணக்கைப் பார்த்தால், சும்மா விட்ட கைகளில் 100க்கு 81 தொடு உணர்ச்சி குறைந்திருந்தது, குளிர்வித்த கைகளில் 28 மட்டும். சும்மா விட்ட கால்களில் 100க்கு 64, குளிர்வித்த கால்களில் 25. ஜெர்மனியிலிருந்து 2025இல் வந்த ஆய்வில் வித்தியாசம் இவ்வளவு பெரிதில்லை, ஆனாலும் இருந்தது: தொந்தரவு தருகிற அளவு பாதிப்பு 100க்கு 50 என்றிருந்தது 29 ஆனது.

ஆக, பலன் உண்டு, முழுக்காப்பு இல்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020இல் "ஆய்வுகள் சிறியவை, பரிந்துரையாகச் சொல்ல இன்னும் பெரிய ஆய்வு வேண்டும்" என்றது. ஐரோப்பியச் சங்கம் அதே வருஷம் "பாக்லிடாக்சல் வகை மருந்துக்குச் செய்துபார்க்கலாம்" என்றது. இதனால்தான் ஒரு டாக்டர் சரி என்பார், இன்னொருவர் தேவையில்லை என்பார். இரண்டு பேரும் தப்பில்லை. ஆனால் விரலை நம்பிப் பிழைக்கிற ஒரு பெண்ணுக்கு என்றால் நான் கேட்டு வாங்கிச் செய்யத்தான் சொல்வேன்.

எப்படிச் செய்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மருந்து ஏறத் தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்னாலேயே வைக்கணும், ஏறும் நேரம் முழுக்க இருக்கணும், முடிந்தபிறகும் 15 நிமிடம் இருக்கணும். வாரா வாரம் போடுகிற மருந்து ஒரு மணி நேரம் என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். உறைந்த கையுறை நம்மூரில் எளிதில் கிடைக்காது. சுளுக்குக்கு வைக்கிற ஜெல் பேக் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், அது போதும். இரண்டு கை, இரண்டு கால், அதற்கு இரண்டு செட். முக்கால் மணி நேரத்தில் குளிர் இறங்கிவிடும், அப்போது மாற்ற இரண்டாவது செட் வேணும். மேல்புறத்திலிருந்து போகிற தூரத்துக்கு மீன்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி தெர்மோகோல் பெட்டி ஒன்று வாங்கி நிறைய ஐஸோடு அடுக்கிக்கொள்ளுங்கள். மெல்லிய பருத்திக் கையுறையும் சாக்ஸும் போட்டு அதற்கு மேல்தான் பேக்கைச் சுற்றணும். வெறும் தோலில் உறைந்த பேக் பட்டால் தீப்பட்ட மாதிரி வெந்துபோகும். இன்னொன்று, நான் அதிகம் பார்த்த தவறு: உள்ளங்கையை பேக் மேலே வைத்துக்கொண்டு விரல் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காப்பாற்றவேண்டியதே அந்த நுனியைத்தான். நகம் மூடணும்.

இனி கவனமாகப் படியுங்கள். பாக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கரைத்துத்தான் வருகிறது, அது சிலருக்கு ஒத்துக்காது என்பதால் முன்கூட்டியே ஒவ்வாமைக்கு ஊசி போடுவார்கள். அந்த ஊசிக்குத் தூக்கம் வரும். ஒரு தடவை என் வார்டில் ஒரு அம்மா ஐஸ் பையோடு அப்படியே தூங்கிப்போனார், கூட இருந்த மகன் டீ குடிக்கப் போய்விட்டான், நான் மற்ற படுக்கையில் இருந்தேன். எடுத்துப் பார்த்தபோது இரண்டு கால்விரல் வெள்ளை வெளேரென்று மெழுகு மாதிரி இருந்தது. கொப்புளம் ஆறப் பத்து நாள். அந்த விரல்கள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. அதனால் கூட இருக்கிற ஆள் எழுந்து போகக்கூடாது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விலக்கி நிறம் பார்க்கணும், வலி தாங்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் எடுத்துவிட்டு மறுபடி வைக்கணும். மருந்து ஏறுகிற முதல் சில நிமிடங்களில் மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம் வந்தால் மணி அடிக்க அவர் கை கட்டிக்கிடக்கும், நீங்கள்தான் நர்ஸைக் கூப்பிடணும். புறங்கையில் ஊசி குத்தியிருந்தால் அந்த இடத்தின் மேல் ஐஸ் வைக்காதீர்கள், முன்கையில் குத்தச் சொல்லிக் கேளுங்கள்.

சுகர் விஷயம்: பழைய சுகரால் ஏற்கெனவே கால் மரத்திருந்தால் ஐஸ் சுடுவதே அவருக்குத் தெரியாது, ஆபத்து. முதல் ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குளிரில் விரல் நீலமாகிறவர்கள், குளிர் பட்டால் தடிப்பு வருகிறவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் இதைச் செய்யவே கூடாது.

கையில் மருந்து போகாவிட்டால் நோய் அங்கே ஒளிந்துகொள்ளாதா என்று சில கடிதங்களில் கேட்டிருந்தார்கள். மார்புக் கட்டி விரல் நுனிக்குப் பரவுவது மிக மிக அரிது. ரத்தப்புற்று மாதிரி உடம்பெங்கும் ஓடுகிற நோய் வேறு கதை, அதற்கு டாக்டர் சொல்லாமல் எதையும் குளிர்விக்கவேண்டாம்.

நான் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப்போடுகிறவன். குடலில் ஆபரேஷன் முடிந்து ஆக்சாலிபிளாட்டின் போடுகிறார்கள், இரண்டு ஆயிற்று. ஐஸைத் தொட்டால் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது, ஒருநாள் குளிர்ந்த சர்பத் குடித்துத் தொண்டை அடைத்துச் சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். ஐஸ் வைத்தால் நரம்புக்கு நல்லது என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதனால் வேலைக்குப் போகலாமா? — வாசகர், 44

வேண்டாம் அண்ணாச்சி. ஐஸ் தொடுகிற வேலையை இன்றைக்கே நிறுத்துங்கள். உங்களை மாதிரி ஒருவர் கையில் அந்த வாட்ஸ்அப் செய்தி கிடைக்கும் என்று பயந்துதான் தலைப்பையே அப்படி வைத்தேன்.

ஆக்சாலிபிளாட்டின் நரம்பைக் கெடுக்கும் விதம் வேறு. மருந்து ஏறின சில மணி நேரத்திலேயே நரம்பு குளிருக்கு மிரள ஆரம்பிக்கும், பெரும்பாலானவர்களுக்கு இது வரும். ஸ்டீல் டம்ளர், காலையில் குழாய்த் தண்ணீர், ஃப்ரிட்ஜ் கதவு, எல்லாமே ஊசி குத்தும். தொண்டையில் உங்களுக்கு வந்தது உண்மையில் மூச்சுக்குழாய் அடைத்தது இல்லை, அங்கே இருக்கிற நரம்பு மிரண்டு மூச்சு நின்ற மாதிரி உணர்வு தருகிறது. அப்போது வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால், வாயை மூடித் துணியால் போர்த்திக்கொண்டு மூச்சு விட்டால் அடங்கும். முகம் வீங்கினாலோ உடம்பில் தடிப்பு வந்தாலோ அது அலர்ஜி, உடனே ஆஸ்பத்திரி. எதுவாக இருந்தாலும் அடுத்த ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் இதைச் சொல்லியாகணும். ஊசி போட்டபிறகு சில நாள் எல்லாமே சூடாக இருக்கட்டும்: குளிக்க வெந்நீர், பழங்கஞ்சிக்குப் பதில் சூடு கஞ்சி, பைக்கில் போனால் வாயையும் மூக்கையும் மூடுகிற துண்டு, ஏசி வார்டில் போர்வை.

இரண்டு மூன்று தடவை வரைக்கும் இது வந்து போய்விடும். மருந்து உடம்பில் சேரச் சேர, குளிர் இல்லாமலே எப்போதும் மரமரப்பு நிற்கத் தொடங்கும், அதுதான் கவலைப்படவேண்டியது. இங்கே நீங்கள் டாக்டரிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: "எனக்கு ஆறு மாதம் தேவையா, மூன்று மாதம் போதுமா?" 2018இல் 12,000 பேருக்கு மேல் சேர்ந்த ஒரு பெரிய ஆய்வுக் கணக்கில், நிணநீர் முடிச்சுக்குப் பரவின குடல் புற்றில் ஆபத்துக் குறைந்த வகைக்காரர்களுக்கு மூன்று மாதம் கிட்டத்தட்ட அதே பலனைத் தந்தது, நரம்புத் தொந்தரவோ 100க்கு 45லிருந்து 48 வரை என்றிருந்தது 14லிருந்து 17க்குள் இறங்கியது. எல்லாருக்கும் பொருந்தாது. அறிக்கையைப் பார்த்து டாக்டர் சொல்வார், ஆனால் கேட்டால்தான் சொல்வார்.

வேலைக்கு ஐஸ் தொடாத பக்கம் ஏதாவது, ஏலக் கணக்கு எழுதுவதோ பெட்டி எண்ணுவதோ, முதலாளியிடம் கேட்டுப்பாருங்கள். ஒற்றைக்காலில் நிற்பது, நேர்கோட்டில் நடப்பது போன்ற சமநிலைப் பயிற்சிகளை கீமோ நடக்கும்போதே செய்தவர்களுக்கு நரம்புப் பாதிப்பு பாதிக்கும் குறைவாக வந்தது என்று 2024இல் ஜெர்மனி ஆய்வு ஒன்று சொன்னது, அதில் ஆக்சாலிபிளாட்டின்காரர்களும் இருந்தார்கள். காசு செலவில்லாத மருந்து. பிடித்துக்கொள்ளச் சுவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கீமோ முடிந்து 14 மாதம் ஆகிறது. ரப்பர் மரத்தில் பால்வெட்டுத் தொழில். கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் போகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை, மரத்தைக் காயப்படுத்துகிறேன். ராத்திரி பாதம் எரிகிறது. நரம்பு மாத்திரை மாதம் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிச் சாப்பிடுகிறேன். இப்போது ஐஸ் வைத்தால் சரியாகுமா? — வாசகர், குலசேகரம்

இப்போது ஐஸ் வைப்பதில் பயனில்லை. மருந்து ரத்தத்தில் ஓடுகிற நேரத்துக்குத்தான் அது. முன்னாலேயே யாராவது உங்களிடம் சொல்லியிருக்கணும், எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

முதலில் அந்த நரம்பு மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். மீதைல்கோபாலமினோடு (இது பி12 வகை) அசிட்டைல் எல் கார்னிட்டின் என்று சேர்ந்திருந்தால் டாக்டரிடம் காட்டி நிறுத்துவது பற்றிக் கேளுங்கள். கீமோவால் வருகிற நரம்புக் கேட்டைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவில் 409 பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள், 2013இல் முடிவு வந்தது: தடுக்கவில்லை, கூடுதலாக்கியது. பி6 அளவுக்கு மிஞ்சினாலும் தானே நரம்பைக் கெடுக்கும். பி12 ரத்தத்தில் குறைவாக இருந்தால் போடணும், சோதித்துவிட்டுப் போடணும். சுகர், தைராய்டு இரண்டையும் கூடவே பார்த்துவிடுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதுவும் நரம்பைத் தின்னும்.

எரிச்சலுக்கும் வலிக்கும் டுலோக்செட்டின் என்று ஒரு மாத்திரை உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை என்று கடையில் சொன்னால் பயப்படவேண்டாம். 231 பேரிடம் செய்த சோதனையில் அதைச் சாப்பிட்டவர்களில் 100க்கு 59 பேருக்கு வலி குறைந்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 38 பேருக்கு. எரிச்சலைக் குறைக்கும், மரத்துப்போன இடத்துக்கு உணர்ச்சியைத் திருப்பித் தராது, அதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். டாக்டர் எழுதித்தரத்தான் சாப்பிடணும், நிறுத்துவதும் அவர் சொல்கிற மாதிரி படிப்படியாக. (இதைப் படிக்கிற பெண்கள் மார்புப் புற்றுக்குக் கொடுக்கிற டமோக்சிபென் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.)

ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு போகாதீர்கள். பின்னால் வார் உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள், இல்லாவிட்டால் கழன்று விழுந்ததே தெரியாமல் முள்ளில் மிதித்துக்கொண்டு போவீர்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிக் கண்ணால் பாருங்கள், வலி சொல்லும் என்று காத்திருக்கவேண்டாம். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். எரிச்சலுக்கு வெந்நீர்ப் பை வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, மரத்த காலில் அது வேண்டவே வேண்டாம். கத்தி விஷயத்தில், காலை இருட்டில் தலைவிளக்கோடு வெட்டுவதை விட்டு, வெளிச்சம் வந்தபின் கண்ணை நம்பி வெட்டுங்கள். பால் கொஞ்சம் குறையும்தான். பலருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் படிப்படியாக உணர்ச்சி திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன், ஓரளவு நின்றுபோனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வாயில் ஐஸ் வைத்துக்கொண்டால் புண் வராதாமே? — வாசகி, செங்கோட்டை

5 எஃப்யூ என்கிற மருந்தை ஒரே தள்ளாக ஊசியில் ஏற்றும்போது, ஐந்து நிமிடம் முன்னாலிருந்து அரை மணி நேரம் ஐஸ் துண்டை வாயில் உருட்டிக்கொண்டிருந்தால் புண் குறையும், இது நன்றாக நிரூபணமான விஷயம். ஆனால் அதே நாளில் ஆக்சாலிபிளாட்டினும் சேர்ந்து போடுகிறார்கள் என்றால் வைக்காதீர்கள். மேலே தேங்காப்பட்டணம் அண்ணாச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள். டோசிடாக்சல் போடுகிறவர்களுக்கு நகம் கறுத்துக் கழன்றுபோவதை ஐஸ் கையுறை நன்றாகத் தடுக்கிறது, பிரான்சில் 2005லேயே காட்டிவிட்டார்கள்: குளிர்வித்த கையில் 100க்கு 11, சும்மா விட்ட கையில் 51.

என் வீட்டுக்காரருக்கு வாரா வாரம் 12 தடவை பாக்லிடாக்சல், இது ஏழாவது வாரம். சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் என்னிடம் வருகிறார், டாக்டரிடம் மட்டும் "ஒன்றும் இல்லை" என்கிறார். சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்களாம், நோய் திரும்பிவிடுமாம். அங்கே எல்லாரும் மலையாளத்தில் கேட்கிறார்கள், எனக்கும் சொல்லத் தெரியவில்லை. — வாசகி, பளுகல்

இந்தக் கடிதத்தைத்தான் கடைசியாக வைத்தேன், ஏனென்றால் இது ஐஸைவிட முக்கியம். எனக்குத் தெரிந்து நரம்பு கெட்டவர்களில் பாதிப்பேர் இப்படி மறைத்தவர்கள். மருந்தை ஒரு வாரம் தள்ளிப்போடுவதோ, அளவைக் கொஞ்சம் குறைப்பதோ, வேறு மருந்துக்கு மாற்றுவதோ டாக்டர் தினமும் செய்கிற காரியம், அதற்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறார்கள். டாக்டர் கணக்குப் பார்த்துக் குறைத்தால் நோய் திரும்பியே தீரும் என்று இல்லை. சொல்லாமல் 12ஐயும் முடித்தால் கெட்ட நரம்பை எந்தக் கணக்கும் திருப்பித் தராது.

நீங்களே பேசுங்கள். அவரைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டாம். மலையாளத்தில் ஊசி குத்துகிற, எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால் "தரிப்பு", உணர்ச்சியே இல்லாமல் மரத்துப்போனால் "மரவிப்பு". இரண்டையும் பிரித்துச் சொல்லணும், நர்ஸ் எழுதிக்கொள்கிற இடம் வேறு வேறு. "கைக்குத் தரிப்புண்டு, விரலினு மரவிப்புண்டு, பட்டன் இடான் பற்றுன்னில்லா" என்று சொன்னால் போதும், அந்தப் பொத்தான் ஒன்றே டாக்டருக்கு எல்லாம் சொல்லிவிடும். இனி ஒவ்வொரு வாரமும் புறப்படுவதற்கு முந்தின ராத்திரி, ஒரு தாளில் நாலே நாலு எழுதுங்கள்: பொத்தான் போட்டாரா, தரையில் விழுந்த நாணயத்தை எடுத்தாரா, செருப்பு கழன்றதா, கண்ணை மூடி நின்றால் ஆடுகிறாரா. தேதி போட்டு, அந்தத் தாளை டாக்டர் மேஜையில் வையுங்கள். எட்டாவது வாரத்துக்கு இன்னும் நாள் இருந்தால், ஐஸ் பற்றியும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். பாதியில் தொடங்குவது முதலிலிருந்து வைத்த மாதிரி ஆகாது, ஆனால் மீதி ஐந்து தடவைக்குக் கேட்காமல் இருக்கக் காரணமில்லை.